சூடே ஆகாமல் "சூடாகிவிட்டது" என்று அணையும் லினக்ஸ் லேப்டாப்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

அடிப்பகுதியைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. விசிறி சத்தமும் இல்லை. திறந்திருப்பது ஒரே ஒரு பிடிஎஃப். அப்படியிருந்தும் திரை இருண்டு லேப்டாப் அணைகிறது. மறுபடி போட்டு லாகைப் பார்த்தால், வெப்பம் எல்லை மீறியதால் அணைத்தேன் என்கிறது கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி.

இந்த இடத்தில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோய் தெர்மல் பேஸ்ட் மாற்றுகிறார்கள்; இல்லையென்றால் எங்கோ கிடைத்த ஒரு கர்னல் பேராமீட்டரைப் போட்டு வெப்பப் பாதுகாப்பையே மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். முதலாவது காசுக்குக் கேடு. இரண்டாவது மெஷினுக்கே கேடாக முடியலாம். இரண்டுக்கும் முன்னால் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அணைத்தது யார், எந்த எண்ணைப் பார்த்து அணைத்தது?

அணைக்கக்கூடியவர்கள் மூன்று பேர். ஒன்று கர்னல். இரண்டாவது, பின்னணியில் ஓடும் ஏதாவது ஒரு டீமன். உபுண்டுவில் வரும் தெர்மல்டி, பேட்டரியைக் கவனிக்கும் யூபவர் போன்றவை. மூன்றாவது ஹார்ட்வேர்: மதர்போர்டில் விசிறி, பேட்டரி, சென்சார்களைப் பார்த்துக்கொள்ளும் சிறு சிப்பான எம்பெடட் கன்ட்ரோலர், அல்லது சிபியூவே. ஒவ்வொருவரும் விட்டுப்போகும் தடயம் வேறு.

முதலில் லாக்

கட்டளைகளை இங்கே ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 என்று கொடுத்தால் போன முறை ஓடிய கர்னலின் லாக் வரும். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். கர்னல்தான் அணைத்தது என்றால் "கிரிட்டிக்கல் டெம்பரேச்சர் ரீச்ட், ஷட்டிங் டவுன்" என்ற வரி இருக்கும். புதிய கர்னல்களில் அதோடு "ஹார்ட்வேர் புரொடெக்‌ஷன் ஷட்டவுன்" என்றும் வரும். பழைய கர்னல்கள் எத்தனை டிகிரி என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடும். அது அரிய தகவல், அப்படியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

போன பூட்டுக்கு லாகே இல்லை என்று சொன்னால், /வார்/லாக்/ஜர்னல் என்ற கோப்புறை உங்களிடம் இல்லை என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் சிஸ்டம்டி ஜர்னலை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும், அணைந்தால் போயிற்று. கோப்புறையை உருவாக்கி, சிஸ்டம்டி-ஜர்னல்டியை மறுதொடக்கம் செய்துவிட்டு அடுத்த முறை அணையும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

லாஸ்ட் -எக்ஸ் என்பதையும் ஓட்டிப் பாருங்கள். முறையாக அணைந்திருந்தால் "ஷட்டவுன்" பதிவு இருக்கும். பட்டென்று மின்சாரம் போனதுபோல் நின்றிருந்தால் அந்த அமர்வின் முடிவில் "கிராஷ்" என்று இருக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு சின்ன ஷெல் லூப்பை ஓடவிடுங்கள். நேரத்தையும், /சிஸ்/கிளாஸ்/தெர்மல் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு தெர்மல் ஜோனின் (வெப்பம் கண்காணிக்கப்படும் பகுதியின்) டெம்ப் கோப்பையும் ஒரு கோப்பின் வாலில் சேர்த்து, சிங்க் கொடுத்து, 2 விநாடி தூங்கி மறுபடி செய்தால் போதும். சிங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்; அது இல்லாவிட்டால் நமக்குத் தேவையான கடைசிச் சில வரிகள் வட்டுக்குப் போகாமலே மெஷின் நின்றுவிடும். இந்தக் கோப்புதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் சாட்சி.

அறிகுறி: கர்னல்தான் அணைத்தது, லேப்டாப்போ குளிர்ந்திருக்கிறது

இங்கே இரண்டு எண்கள் சம்பந்தப்படுகின்றன. ஒன்று இப்போதைய வெப்பநிலை, இன்னொன்று "இதற்கு மேல் போனால் அணை" என்ற வரம்பு. பொய் இரண்டில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இரண்டையும் கர்னலுக்குச் சொல்வது ஏசிபிஐ, அதாவது பயாஸோடு வரும் அட்டவணைகள். வெப்பநிலை தேவைப்படும்போது கர்னல் அந்த அட்டவணையில் உள்ள டிஎம்பி என்ற சிறு நிரலை ஓட்டுகிறது. அது பெரும்பாலும் எம்பெடட் கன்ட்ரோலரைக் கேட்டு, கெல்வினில் பத்தில் ஒரு பங்கு அளவில் பதில் தருகிறது. 3010 என்று வந்தால் 2732ஐக் கழித்து 27.8 டிகிரி. வரம்பைத் தருவது சிஆர்டி என்ற இன்னொரு நிரல். ஆக, சென்சாருக்கும் கர்னலுக்கும் நடுவில் லேப்டாப் தயாரிப்பாளர் எழுதிய இரண்டு அடுக்கு நிரல் இருக்கிறது. விண்டோஸில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு விற்பனைக்கு விட்ட நிரல் என்றால் வேறு சிஸ்டங்களில் இடறுவதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் வரம்பைப் பாருங்கள், அதுதான் சுலபம். ஒவ்வொரு தெர்மல் ஜோன் கோப்புறையிலும் ட்ரிப்_பாயிண்ட்_0_டைப், ட்ரிப்_பாயிண்ட்_0_டெம்ப் என்று ஜோடி ஜோடியாகக் கோப்புகள் இருக்கும். டைப் "கிரிட்டிக்கல்" என்று இருக்கும் இடத்தில் டெம்ப் என்ன என்று பாருங்கள். டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் எழுதியிருக்கும். 105000 என்றால் 105 டிகிரி. சிபியூவைக் கவனிக்கும் ஜோனுக்கு 95 முதல் 128 வரை இருந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. 60, 70 என்று இருந்தால் திருடன் அகப்பட்டான். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே வரும் வரம்பை லினக்ஸ் தானே தள்ளிவிடும். லாகில் "ஃபர்ம்வேர் பக்" என்று முன்னொட்டுப் போட்டு, வரம்பு செல்லாது என ஒரு வரி எழுதியிருக்கும். அந்த வரி உங்கள் லாகில் இருந்தால் அந்த பயாஸின் மற்ற எண்களையும் நம்பாதீர்கள்.

வரம்பு சரி என்றால் வெப்பநிலை எண்ணுக்கு வருவோம். லூப் எழுதிய கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். 47, 48, 47, 48, 255 என்று போயிருந்தால் விசாரணை முடிந்தது. 255 என்பது எட்டு பிட்டும் ஒன்றாக வந்த பைட். கன்ட்ரோலர் பதில் சொல்லாத நேரத்தில் படித்த குப்பை. 127, 128 போன்ற எண்களும் இதே சாதி. ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே எண்ணில் அணைகிறது என்றாலும் அப்படித்தான்; உண்மையான வெப்பம் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.

குதித்தாலே பொய் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சிபியூ கோருக்குள் இருக்கும் சென்சார் ஒரு கனமான வேலை தொடங்கிய நொடியில் 50லிருந்து 85க்குத் தாவும். சிலிக்கான் துண்டு அவ்வளவு சிறியது, அது இயல்பு. ஹீட்சிங்க், மதர்போர்டு, பேட்டரி போன்ற கனமான பொருள்களை அளக்கும் சென்சார் அப்படித் தாவ முடியாது. எனவே எந்தச் சென்சார் குதித்தது என்று பார்த்தபிறகே தீர்ப்பு.

அதற்கு எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. லேப்டாப்பை இரவு முழுக்க அணைத்து வையுங்கள். காலையில் போட்டு, உள்ளே நுழைந்த உடனே சென்சார்ஸ் கட்டளையை ஓட்டுங்கள். எல்லாப் பாகங்களும் அறை வெப்பத்தில் இருந்து இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கும். அறை 30 டிகிரி என்றால் சிபியூ 40ஐ ஒட்டி இருக்கலாம், மற்றவை அதற்கும் கீழே. அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் 78 என்று நின்றால் அதுதான் பொய்க்காரன். செலவில்லாத சோதனை, லேப்டாப்பைத் திறக்கவும் வேண்டாம்.

அடுத்து ஒப்பீடு. இன்டெல் சிபியூ என்றால் கோர்டெம்ப், ஏஎம்டி என்றால் கே10டெம்ப் என்ற டிரைவர்கள் ஏசிபிஐயைக் கேட்காமல் நேராகச் சிபியூவைப் படிக்கின்றன. பயாஸின் பொய் இவற்றைத் தொடாது. ஏசிபிஐ ஜோன் 100ஐத் தாண்டிய நொடியில் கோர்டெம்ப் 52 காட்டியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. முடிவு என்று இன்னும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த ஜோன் அளப்பது சிபியூவையே அல்லாமல் இருக்கலாம். கிராபிக்ஸ் சிப்பையோ, சார்ஜிங் சர்க்யூட்டையோ அளக்கும் ஜோன்கள் உண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். பிரச்சினை காணாமல் போனால் அந்தப் பகுதியில் நிஜமாகவே ஏதோ கொதிக்கிறது.

அறிகுறி: தூங்கி எழுந்தவுடன் அணைகிறது

மூடியைத் திறக்கிறீர்கள், திரை ஒரு நொடி வருகிறது, அணைகிறது. பொய் வெப்பத்தில் அதிகம் பார்க்கக் கிடைக்கும் வகை இதுதான். எழுந்தவுடன் கர்னல் எல்லா ஜோன்களையும் புதிதாக ஒருமுறை படிக்கும். எம்பெடட் கன்ட்ரோலர் அப்போது முழுதாக விழித்திருக்காவிட்டால் குப்பை எண் வரும். லினக்ஸ் இரண்டாம் முறை கேட்டுச் சரிபார்ப்பதில்லை. கிரிட்டிக்கல் என்றால் உடனே அணைப்புதான்.

இதை வேண்டுமென்றே வரவழைக்கலாம். ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 20 என்று கொடுத்தால் லேப்டாப் தூங்கி 20 விநாடியில் தானே எழும். வேலைகளைச் சேமித்துவிட்டு இதையே திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். குளிர்ந்த மெஷின் இப்படி ஓட்டும்போது வெப்பம் என்று சொல்லி அணைந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பயாஸ் புதுப்பிப்பு இதற்கு முதல் மருந்து; எஃப்டபிள்யூயூபிடிஎம்ஜிஆர் உங்கள் மாடலை ஆதரித்தால் லினக்ஸிலிருந்தே செய்யலாம். அடுத்தது, தூங்கும் முறையை மாற்றிப் பார்ப்பது. /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் கோப்பில் எஸ்2ஐடில், டீப் என இரண்டும் இருந்தால் இப்போது இருப்பதை விட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்து அதே ஆர்டிசிவேக் சோதனையைச் செய்யுங்கள்.

இதே அறிகுறியில் ஒரு போலிப் பொய்யும் உண்டு. எஸ்2ஐடில் முறையில் லேப்டாப் ஆழ்ந்து தூங்குவதில்லை. பைக்குள் இருக்கும்போது ஏதோ காரணத்தால் விழித்து, காற்றோட்டம் இல்லாமல் நிஜமாகவே கொதித்து அணைந்திருக்கும். நீங்கள் வீடு வந்து எடுக்கும்போது ஆறிப்போயிருக்கும். லாகில் அணைந்த நேரத்தைப் பாருங்கள். மூடியைத் திறந்த நேரமா, நீங்கள் பேருந்தில் இருந்த நேரமா? இரண்டாவது என்றால் லேப்டாப் சொன்னது உண்மை.

அறிகுறி: லாகில் எதுவுமே இல்லை, பட்டென்று செத்துப்போகிறது

இதை வெப்பம் என்று சொல்வதற்கே ஆதாரம் இல்லை என்பதை முதலில் கவனியுங்கள். கர்னல் அணைத்தால் ஒரு வரியாவது எழுதிவிட்டுத்தான் போகும்.

ஹார்ட்வேர் தானாக அணைக்கும் வசதி சிபியூவில் உண்டு. இன்டெல் சிப் தன் அதிகபட்ச அளவை, பொதுவாக 100 டிகிரியை ஒட்டிய எண்ணை, எட்டும்போது வேகத்தைக் குறைக்கும். அதையும் மீறிப் போனால் தெர்ம்ட்ரிப் என்ற சைகையை எழுப்பும். மின்சாரம் உடனே துண்டிக்கப்படும். அந்த நிலை வரும் முன் வெப்பம் படிப்படியாக ஏறியதை லூப் கோப்பு காட்டியிருக்கும். சில டெல் மாடல்கள் அடுத்த பூட்டில், போன முறை வெப்பத்தால் அணைந்தது என்று திரையிலேயே சொல்லிவிடும்.

கோப்பில் கடைசிவரை 50, 51 என்று இருந்து நின்றிருந்தால் பேட்டரியைப் பாருங்கள். வயதான பேட்டரி 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டே, சிபியூ திடீரென அதிக மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்து படுத்துவிடும். பார்வைக்கு வெப்பத்தால் அணைந்தது போலவே இருக்கும். கனமான வேலை செய்யும்போதுதானே அணைகிறது! /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0 (பேட் மட்டும் பேரெழுத்தில்) கோப்புறையில் வோல்டேஜ்_நவ் கோப்பை லூப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், மைக்ரோவோல்ட்டில் இருக்கும். எனர்ஜி_ஃபுல் என்பதை எனர்ஜி_ஃபுல்_டிசைன் என்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஒருமுறைகூட அணையவில்லை என்றால் வெப்பக் கதையை மூடிவிட்டுப் பேட்டரி வாங்குங்கள்.

அறிகுறி: அணையவில்லை, ஆனால் 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில் நகர்கிறது

பொய் வெப்பத்தின் உறவுக்காரன். புரோகாட் என்ற சைகைக் கம்பி இருவழிப் பாதை. சிபியூ சூடாகும்போது தான் எழுப்பலாம், மதர்போர்டில் உள்ள வேறு பாகமும் எழுப்பி "வேகத்தைக் குறை" என்று சிபியூவிடம் சொல்லலாம். சார்ஜரை அடையாளம் காண முடியாதபோதும் சில லேப்டாப்கள் இதையே செய்யும்.

இன்டெல் சிபியூ என்றால் எம்எஸ்ஆர்-டூல்ஸ் நிறுவி, ஆர்டிஎம்எஸ்ஆர் 412 என்று சிபியூவின் உள் பதிவேட்டை (எம்எஸ்ஆர்) படியுங்கள். வரும் மதிப்பில் 0ஆம் பிட் சிபியூவின் சொந்த வெப்பம். 2ஆம் பிட் புரோகாட் கம்பி. வேகம் முடங்கியிருக்கும் நேரத்தில் 2ஆம் பிட் எழுந்து, 0ஆம் பிட் படுத்திருந்தால் சிபியூ சூடாகவில்லை, வெளியிலிருந்து யாரோ கழுத்தைப் பிடிக்கிறார்கள். தயாரிப்பாளரின் அசல் சார்ஜரைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். 508ஆம் எம்எஸ்ஆரின் 0ஆம் பிட்டை அணைத்தால் இந்த வெளிச் சைகையை சிபியூ மதிக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சைகை மின்சாரச் சுற்றைக் காப்பாற்றவும் பயன்படுகிறது. காரணம் தெரியாமல் அதைத் தொடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: எண்கள் விசித்திரம், ஆனால் எதுவும் அணையவில்லை

இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். என்விஎம்இ வட்டுக்கு மேல் வரம்பு 65261.8 டிகிரி, கீழ் வரம்பு மைனஸ் 273.1 என்று காட்டினால், வரம்பே குறிக்கப்படவில்லை என்று பொருள். 65535 கெல்வினிலிருந்து 273.15ஐக் கழித்துப் பாருங்கள், புரியும். ஏசிபிஐ ஜோன் நாளெல்லாம் 27.8லேயே நின்றால் பயாஸ் ஒரு நிலையான எண்ணைத் திருப்பித் தருகிறது. திங்க்பேடில் மைனஸ் 128 அல்லது 128 என்றால் அந்த இடத்தில் சென்சாரே பொருத்தவில்லை.

ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி

லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி இந்த விஷயத்தில் கொஞ்சம் நிதானமானது. வெப்பநிலை வரம்பை மீறினால் உடனே அணைக்காது; தொடர்ந்து மூன்று சோதனைகளில் மீறியிருந்தால்தான் அணைக்கும். வழக்கமான சோதனை இடைவெளி 10 விநாடி. எனவே ஒற்றைக் குப்பை எண் அதை வீழ்த்தாது. 0 டிகிரிக்குக் கீழோ 200க்கு மேலோ உள்ள வரம்பைக் கண்டால் "அப்சர்ட்" என்று சொல்லிப் புறக்கணிக்கும். இதையே ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம்: லினக்ஸில் அணைகிற லேப்டாப் ஃப்ரீபிஎஸ்டியில் அணையவில்லை என்றால் கோளாறு கண நேரக் குப்பை எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்; இரண்டிலும் அணைந்தால் சென்சார் நிலையாகப் பொய் சொல்கிறது, அல்லது வரம்பு தவறு, அல்லது வெப்பம் நிஜம்.

சிஸ்சிடிஎல் எச்டபிள்யூ.ஏசிபிஐ.தெர்மல் என்றால் எல்லா எண்களும் வரும். அதே கிளையில் யூசர்_ஓவர்ரைடு என்பதை 1 ஆக்கினால் டிஇசட்0 ஜோனின் _சிஆர்டி (இது மட்டும் பேரெழுத்தில்) மதிப்பை நீங்களே எழுதலாம். ஒப்பிட்டுப் பார்க்க கேஎல்டிலோட் கோர்டெம்ப்.

ஓபன்பிஎஸ்டியில் சிஸ்சிடிஎல் எச்டபிள்யூ.சென்சார்ஸ். வரம்பு என்ன என்பதை ஏசிபிஐடிஇசட் டிரைவர் பூட் ஆகும்போதே கர்னல் செய்திகளில் (டிமெஸ்ஜ்) சொல்லிவிடும். மெஷின் உள்ளே நுழையவே விடாமல் அணைந்தால் பூட் -சி என்று கொடுத்து, டிஸேபிள் ஏசிபிஐடிஇசட் என்று தட்டி, உள்ளே போய் மற்ற சோதனைகளைச் செய்யலாம். அதை நிரந்தரமாக வைக்காதீர்கள். காரணம் அடுத்த பகுதியில்.

பொய்தான் என்று உறுதியான பிறகு

பயாஸ் புதுப்பித்தும் தீரவில்லை என்றால் மட்டும் கர்னலின் காதை மூட வேண்டும், அதுவும் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு.

எல்லோரும் முதலில் பிடிப்பது தெர்மல்.ஆஃப்=1. தயவுசெய்து வேண்டாம். சில லேப்டாப்களில், முக்கியமாகப் பழையவற்றில், விசிறியைச் சுழல வைப்பதே ஏசிபிஐ ஜோன்தான். அதை நிறுத்தினால் விசிறியும் நிற்கும். பொய் வெப்பம் ஒரே மணி நேரத்தில் மெய்யாகிவிடும். ட்ரிப் பாயிண்ட் கோப்புகளில் "ஆக்டிவ்" என்ற டைப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் லேப்டாப் அந்த ரகம்.

ஆக்டிவ் இல்லை, பொய் சொல்வது ஒரே ஒரு ஜோன் என்றால், அந்த ஜோனின் மோட் கோப்பில் டிஸேபிள்ட் என்று எழுதுவது நல்ல வழி. மற்ற ஜோன்கள் வேலையில் இருக்கும். மறுதொடக்கத்தில் இது மறந்துபோகும். சரியாக வேலை செய்தால் ஒரு சிறு சிஸ்டம்டி யூனிட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்டிவ் இருந்தால் தெர்மல்.சிஆர்டி பேராமீட்டர். வரம்புதான் பொய் என்றால் தெர்மல்.சிஆர்டி=105 போன்ற நியாயமான எண்ணைக் கொடுங்கள். 255 போன்ற குப்பை எண்தான் பிரச்சினை என்றால் 105 உதவாது, தெர்மல்.சிஆர்டி=-1 போட வேண்டும், அது எல்லா ஏசிபிஐ ஜோன்களிலும் கிரிட்டிக்கல் வரம்பை மட்டும் நீக்கும், விசிறியைத் தொடாது. சிபியூவின் வேகக் குறைப்பும் தெர்ம்ட்ரிப்பும் கர்னலைக் கேட்காமல் இயங்குபவை, அவை அப்படியே இருக்கும். ஆனால் கிராபிக்ஸ், பேட்டரி, சார்ஜிங் பகுதிக்கு அந்தக் காவல் இல்லை. மே மாதம் ஏசி இல்லாத அறையில் வீடியோ என்கோடிங் போட்டுவிட்டுத் தூங்கப்போகிறவர் என்றால் இதை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யாதீர்கள்.

கிரப் பூட்லோடரைப் பயன்படுத்துபவர்கள் /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கர்னல் வரியில் சேர்த்து, அப்டேட்-கிரப் கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். ஏறியதா என்று /சிஸ்/மாட்யூல்/தெர்மல்/பேராமீட்டர்ஸ்/சிஆர்டி கோப்பில் பார்க்கலாம். 0 என்றால் ஏறவில்லை. அப்புறம் புதிய பயாஸ் வரும்போதெல்லாம் அந்தப் பேராமீட்டரை எடுத்துவிட்டு ஆர்டிசிவேக் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் அணைந்தால் லூப் எழுதிய கோப்பு, ஏசிபிஐ அட்டவணைகளை எடுத்துத் தரும் ஏசிபிஐடம்ப்பின் வெளியீடு, மாடல் பெயர், பயாஸ் பதிப்பு, கர்னல் பதிப்பு ஐந்தையும் சேர்த்துக் கர்னல் பக் டிராக்கரில் ஏசிபிஐ பிரிவில் பதிவு செய்யுங்கள். குறிப்பிட்ட மாடல்களுக்கென்று விதிவிலக்குப் பட்டியல் தெர்மல் டிரைவருக்குள்ளேயே இருக்கிறது; உங்கள் மாடலும் அதில் சேரலாம்.